மூன்றாம் பக்கத்து வாக்கியம்

அத்தியாயம் 9

அந்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில் தொடங்கிப் பத்தாவது வரியில் முடிகிறது. போன வெள்ளிக்கிழமை ஆலைத் தொழிற்சங்கத்துக்காரர் அதைப் படித்துக் காட்டியதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

விட்ட இடத்திலிருந்து எடுப்பதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. காகித ஆலையில் ஃபிட்டராக இருந்த அவளுடைய கணவன் கூழ்த் தொட்டிக்குள் மூச்சடைத்து இறந்து நான்கு மாதம் ஆகிறது. நிர்வாகம் எச்சரித்ததை மீறி அவனாகவே இறங்கினான் என்கிறது ஆலை. இறக்கிவிட்டார்கள் என்கிறாள் அவள். விசாரணை அதிகாரி தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டில் ஒன்றை எழுதப் போகிறார். நிர்வாகத்தின் அலட்சியம், அல்லது இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு. இரண்டாவதை எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். தன் தப்பால் செத்தவன் என்று அவன் பெயருக்கு நேராக அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும்.

அவன் இறந்த ஒன்பதாம் நாள், குடும்பத்தின் சார்பில் எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமனார்தான் உட்கார்ந்து எழுதினார். நாலு பக்கம். ஆயுள் முழுக்க அச்சகத்தில் வாழ்த்து மடலும் பாராட்டுரையும் இரங்கல் செய்தியும் எழுதிக் கொடுத்தவர் அவர். எழுதியதை உரக்கப் படித்தார். அவள் அழுதுகொண்டே கேட்டாள், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அதில்தான் இந்த வாக்கியம் இருக்கிறது:

"உள்ளே நச்சுக் காற்று சூழ்ந்திருப்பதை நன்கறிந்தும், தடுத்த கரங்களையெல்லாம் தட்டிவிட்டு, ஆலையின் மூச்சு ஒரு நொடியும் நிற்கலாகாது என்னும் ஒரே நோக்கோடு, தன்னந்தனி வேங்கையெனத் தொட்டியினுள் பாய்ந்தார் என் ஆருயிர்க் கணவர்."

கம்பெனி வக்கீல் அதைச் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டி வைத்திருக்கிறாராம். இன்று காலை பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்.

*

"அண்ணி, அடுப்புல பால் பொங்குது."

நாத்தனார் வந்து அடுப்பை அணைத்தாள். பஸ் கண்டக்டர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு விடியும்போதே வந்துவிட்டாள். காக்கிச் சட்டை இல்லாமல் அவளைப் பார்த்தால் யாரோ போல இருந்தது.

"சங்கத்துக்காரர் என்னதான் சொன்னாரு? திரும்பச் சொல்லு."

"உண்மைன்னு சொல்லாதீங்கன்னாரு. உண்மைன்னா அவரே தெரிஞ்சு குதிச்சதா ஆயிடும்."

"சரி."

"பொய்ன்னும் சொல்லாதீங்கன்னாரு. பொய்ல கையெழுத்துப் போட்டேன்னு ஆயிட்டா மொத்த வாக்குமூலமும் போச்சு. ரெண்டாம் பக்கத்துல காத்து ஊதுற மிஷின் பத்து நாளா ஓடலைன்னு இருக்கே, அதுவும் சேர்ந்து போயிடும்."

"உண்மையும் இல்ல, பொய்யும் இல்ல. அப்ப என்னவாம் அது?"

"அதுக்குத்தான் ஒரு வார்த்தை இருக்கேன்னாரு. இருக்குன்னுட்டு, மாமா ரூம் பக்கம் பார்த்தாரு. அதுக்கு மேல பேசல."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பில் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"வாய்ப்பந்தல்" என்றாள், உதட்டை மட்டும் அசைத்து.

அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் இடமில்லை. தெருவில் எல்லோரும் மாமனாரை 'அடுக்குமொழி' என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கே தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. ஆனால் வாய்ப்பந்தல் வேறு. அவருடைய சொந்தத் தம்பி ஒரு கூட்டத்தில் நாலு பேர் கேட்க அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. பத்தொன்பது வயதில் சாப்பாட்டு மேஜையில் விளையாட்டாகச் சொன்ன மகனிடம் அவர் நாற்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணமான முதல் வாரமே அவன் அவளை எச்சரித்தான்: "இந்த வீட்ல எந்தக் கெட்ட வார்த்தை வேணும்னாலும் பேசு. அத மட்டும் பேசாத."

"அவரு எதிர்லயே சொல்லணுமா?" என்று கேட்டாள் இப்போது.

"எதிர்லதான் உக்காந்திருப்பாரு. வராதீங்கன்னு சொல்லிப் பாரேன்."

"அவருக்கு வேற என்ன இருக்கு? பையனும் போயாச்சு. அந்த எழுத்து ஒண்ணுதான் மிச்சம்."

"எனக்கும் அவரு அப்பாதான், அண்ணி. ஆனா செத்தது எங்க அண்ணன். எறங்க வேண்டிய ஸ்டாப்புல எறங்கிடணும். தாண்டிப் போனப்புறம் விசில் அடிச்சு என்ன பிரயோஜனம்?"

அவள் பாலை டம்ளர்களில் ஊற்றினாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். காகித உறையின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதுவாள். அதற்கு மேல் ஒரு சொல் எழுத உறையில் இடமும் கிடையாது. அப்படிப்பட்டவள் எப்படி அந்த நாலு பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள்? இதைத் தனக்குள் நூறு முறை கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பதில் ஒன்றுதான், அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கேட்க நன்றாக இருந்தது. அவனை அப்படி யாரும் சொன்னதில்லை. தினமும் கூழ் வாடையோடு வீட்டுக்கு வந்தவனை ஒரு நிமிஷம் வேங்கை என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

"அம்மாடி."

மாமனார் வாசலில் நின்றார். முகம் மழித்து, சட்டையை இஸ்திரி போட்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா. கையில் புதிதாக ஒரு தாள் கட்டு.

"விளக்கவுரை தயார். ஆறு பக்கம் வந்திருக்கு. அந்த வக்கீலுக்கு இதுதான் பதிலடி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். இதைப் படிச்சா போதும்."

நாத்தனார் பால் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், அது இன்னும் சுடுகிறது என்பதையும் மறந்து.

*

பஸ்ஸில் மாமனாருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. வண்டியின் கண்டக்டர் நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தார், யாருக்கும் டிக்கெட் கேட்கவில்லை. நாத்தனார் விடவில்லை, மூன்று டிக்கெட் வாங்கினாள். "இன்னைக்கு நாங்க சரியா நடந்துக்கணும், அண்ணே" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணை அலுவலகம் மூன்றாவது மாடியில். வராந்தாவில் நீளமாக ஒரு மர பெஞ்சு. ஒரு முனையில் ஆலையின் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, மாமனாரை நோக்கிக் கை குவித்தார். மாமனாரும் குவித்தார். அவளுக்கு அது சுருக்கென்றது. ஆனால் அவர் யாருக்கும் மரியாதை குறைக்காதவர், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

மாமனார் பெஞ்சின் மறு முனையில் அமர்ந்து, தாள்களைத் தொடையில் வைத்துத் தட்டி ஒழுங்கு செய்தார்.

"கேளு. 'மாட்சிமை மிக்க விசாரணை மன்றத்தின் மேலான சமூகத்துக்கு, கண்ணீர்க் கடலில் கரை காணாது தத்தளிக்கும்...' கண்ணீர்க் கடல் போதுமா? துயரப் பெருங்கடல்னு வைக்கலாமா?"

"மாமா, காத்து மிஷின் ஓடலைங்கறது இதுல எங்க வருது?"

"வருது, வருது. அஞ்சாம் பக்கத்துல. 'காற்றும் கைவிட்ட கொடுமை'ன்னு வருது பாரு."

"மிஷின்னு வருதா?"

அவர் தாளைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"மிஷின்னு போட்டா நடை கெட்டுடும்மா."

பக்கத்தில் நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவள் மாமனாரின் விரல்களைப் பார்த்தாள். மைக்கறை படிந்து, நகத்தின் ஓரம் தோல் உரிந்திருந்தது. இந்த நாலு மாதத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். காலையில் எழுதினார், சாப்பிட்டுவிட்டு எழுதினார், எழுதியதைக் கிழித்து இன்னும் பெரிதாக எழுதினார். இது அவர் அழுகிற விதம் என்று அவள் எப்போதோ தீர்மானித்துவிட்டாள். அழுகிறவரைப் போய் அழாதே என்று எப்படிச் சொல்வது?

"அந்த வரியப் பத்தி வக்கீல் கேப்பாரு மாமா. நான் என்ன சொல்றது?"

"என்ன சொல்றது? வீரம்னு சொல்லு. என் பையன் வீரன். அதுல யாருக்கு என்ன சந்தேகம்?"

உள்ளேயிருந்து பியூன் கூப்பிட்டான்.

*

அறை சிறியது. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடும் வழக்கம் உள்ளவர். அவருக்கு வலப்புறம் தட்டச்சுக்காரர். இடப்புறம் கம்பெனி வக்கீல், அவர் பின்னால் ஃபோர்மேன். இந்தப் பக்கம் அவள். அவளுக்கு நேர் பின்னால் மாமனார், நாத்தனார், நேராக இங்கே வந்துவிட்ட சங்கத்துக்காரர்.

இங்கே பேச்சு பதிவாகும் முறையை அவள் முதல் நாளே கவனித்திருந்தாள். சாட்சி பேச்சு வழக்கில் சொல்வதை அதிகாரி கேட்டு, எழுத்து நடைக்கு மாற்றித் தட்டச்சுக்காரருக்குச் சொல்வார். 'அவரு சாப்பிடாமப் போனாரு' என்று அவள் சொன்னால், 'அன்று அவர் காலை உணவு உட்கொள்ளவில்லை' என்று ஏறும். தன் புருஷனைப் பற்றி வேறு யாரோ பேசுவது போல இருக்கும்.

முதலில் ஆலையின் அறிக்கையை வக்கீல் ஒரு முறை படித்தார். காலை ஒன்பதரை மணிக்கு, தொட்டியில் இறங்கக் கூடாது என்று ஃபிட்டரை ஃபோர்மேன் எச்சரித்தார். எச்சரித்துவிட்டு வேறு பிரிவுக்குப் போனார். பதினொன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தபோதுதான் ஃபிட்டர் உள்ளே கிடப்பது தெரிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு அந்த நாலு பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். குரல் மென்மையானது. துக்க வீட்டில் பேசுகிறவரைப் போலப் பேசினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"யாராவது மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்லைங்க."

"மூணாம் பக்கத்துல கட்டம் போட்டிருக்கேன். 'நன்கறிந்தும்'னு இருக்கு. ஆபத்துன்னு உங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. 'தடுத்த கரங்களையெல்லாம் தட்டிவிட்டு'ன்னு இருக்கு. இதைத்தான் நாங்களும் நாலு மாசமா சொல்றோம். என்ன, நாங்க இவ்வளவு அழகா சொல்லல."

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே ஒரு கேள்விதான். தடுத்தது யாரோட கை?"

"யாரும் தடுக்கலைங்க."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டது பொய்."

"பொய் இல்லைங்க."

"தடுக்கலைன்னா அந்த வரி பொய். அந்த வரி பொய் இல்லைன்னா, தடுத்திருக்காங்க. ரெண்டுல எதும்மா?"

பின்னால் மாமனார் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. விளக்கவுரையை எடுத்து நீட்டத் தயாராகிறார்.

அவள் கண்ணை மூடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. மருந்துக் கடையில் எழுத்து புரியாத சீட்டு வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். இருப்பது எது என்று பார்த்தாள், அதைச் சொன்னாள்.

"அது வாய்ப்பந்தலுங்க."

தாள் புரளும் சத்தம் நின்றது.

தட்டச்சுக்காரரின் விரலும் நின்றது. அவர் அதிகாரியைப் பார்த்தார். "மேடம், என்ன போடறது?"

"மிகையான கூற்றுன்னு போடுங்க" என்றார் அதிகாரி.

வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். பொய்யான கூற்றுன்னுதான் போடணும். உண்மை இல்லாததுக்குப் பேர் அதுதான்."

அதிகாரி கண்ணாடியைத் தேடினார். தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பொய்க்கும் நீங்க சொல்ற அதுக்கும் என்ன வித்தியாசம்?"

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வாயைத் திறக்கும்வரை பதில் தனக்குத் தெரியும் என்றும் அவள் நினைக்கவில்லை.

"பொய் சொல்றவங்களுக்கு நாம நம்பணுங்க. நம்பலைன்னா அவங்க காரியம் நடக்காது. வாய்ப்பந்தல் போடறவங்களுக்கு நாம நம்ப வேண்டியதே இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னா போதும். இந்த வரியில என்ன நடந்துச்சுன்னு யாரும் பாக்கல மேடம். எழுதினவரும் பாக்கல, நானும் பாக்கல. கேக்க நல்லா இருந்துச்சு. அதான் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு முதுகு எரிந்தது. திரும்பிப் பார்க்காமலே, மாமனார் தன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"எழுதினது நீங்க இல்லையா?"

"என் மாமனாருங்க."

"அவர் வந்திருக்காரா?"

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

*

அவர் மெதுவாக முன்னால் வந்தார். அவளைக் கடக்கும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆறு பக்கத்தையும் இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். நாத்தனார் ஒரு கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"மாட்சிமை மிக்க மன்றத்தின்..."

"ஐயா, மன்னிக்கணும்" என்றார் அதிகாரி. "படிக்க வேண்டாம். கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. நீங்க ஆலைக்குள்ள போயிருக்கீங்களா, அன்னைக்கு?"

"ஒரு தந்தையின் நெஞ்சம் எங்கே இருக்கும் அம்மையீர், மகன் இருக்கும்..."

"போனீங்களா, இல்லையா?"

"இல்லை."

"தடுத்த கரங்கள்னு எழுதியிருக்கீங்க. அது உங்க மருமக சொன்ன மாதிரி அலங்காரமா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

அவர் தாள்களை மார்போடு இன்னும் இறுக்கினார். அவளுக்குத் தெரியும், அவருக்குள் சொற்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். அலங்காரம் என்று சொன்னால் ஊர் முன்னால், பதிவின் முன்னால், அவர் வாழ்நாள் முழுக்க ஓடி ஒளிந்த அந்தப் பெயரைத் தானே எடுத்துத் தலையில் சூடிக்கொள்ள வேண்டும். ஒற்றைச் சொல். ஆமாம் என்றால் போதும், மகனின் பெயர் பிழைத்துவிடும். அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

"அலங்காரம் இல்லை" என்றார் அவர்.

சங்கத்துக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நான் இட்டுக்கட்டி எழுதறவன் இல்லை. ஒரு சொல் வெறுஞ்சொல்லா போட்டதில்லை. அவர் சொன்னார். அதை வைத்துத்தான் எழுதினேன்."

"யார் சொன்னாங்க?"

அவர் கையை நீட்டினார். விரல் ஃபோர்மேனைக் காட்டியது.

"நன்றி ஐயா" என்றார் வக்கீல். "ஃபோர்மேன் தடுத்தார். தடுத்ததைத் துக்க வீட்லயும் போய்ச் சொல்லியிருக்கார். மேடம், இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லை."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். நாலு மாதம், எட்டுத் தடவை மூன்று மாடி ஏறி இறங்கியது, எல்லாம் இந்த ஒரு ரோஷத்தில் கரைந்து போயிற்று. யாரோ தன்னை வாய்ப்பந்தல் என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பெற்ற மகனின் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை, வாய் மட்டும் கசந்தது.

அதிகாரி வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முறையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறவர் அவர். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஐயா, இங்க ஒண்ணு இருக்கு. 'கதிரவன் தன் பொற்றேரை உச்சி நோக்கிச் செலுத்தா முன்னே இடியெனச் செய்தி வந்தது'ன்னு. ஃபோர்மேன் வந்து சொன்னதைத்தான் எழுதியிருக்கீங்களா?"

"ஆம்."

"அது எத்தனை மணி?"

அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"கதிரவன் வேண்டாம் ஐயா. கடிகாரத்துல எத்தனை மணி?"

ஆறு பக்கமும் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் பரவியது. அவர் குனியவில்லை.

"பத்தேகால்" என்றார். குரலே மாறியிருந்தது. வீட்டில் தண்ணீர் கேட்கும்போது வரும் குரல் அது. "ரேடியோல பத்தேகால் செய்தி ஆரம்பிச்சுது. இவர் வாசல்ல வந்து நின்னாரு. நான் சத்தத்தைக் குறைச்சேன். உங்க பையன் சொல்லச் சொல்லக் கேக்காம தொட்டிக்குள்ள எறங்கிட்டான், மயங்கிட்டான், தூக்கிட்டிருக்கோம், பெரிசா ஒண்ணும் இல்லன்னாரு. மருமக கிட்ட சொல்லிக் கூட்டம் கூட்டிடாதீங்க, ஆலைக்குக் கெட்ட பேரு, உங்க பையனுக்கும் வேலை போயிடும்னாரு. நீங்க விஷயம் தெரிஞ்சவர், நீங்களே பாத்துக்குவீங்கன்னாரு."

தட்டச்சு இயந்திரம் ஓடவில்லை. யாரும் அதை ஓடச் சொல்லவில்லை.

"பதினொன்று நாற்பது வரைக்கும் யாருக்கும் தெரியாதுன்னு உங்க அறிக்கையில இருக்கு" என்றார் அதிகாரி, வக்கீலைப் பார்த்து.

வக்கீல் ஏதோ சொன்னார். வயதானவர், நேரம் குழம்பியிருக்கலாம் என்பது போல. அவள் காதில் அது விழவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு அவள் மருந்துக் கடையில் நின்று, ஒரு கிழவருக்கு இருமல் மருந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு ஆலையிலிருந்து ஃபோன் வந்தது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். இடையில் ஒன்றரை மணி நேரம். மருந்துக் கடையிலிருந்து ஆலை நடந்துபோகும் தூரம்.

"மாமா" என்றாள்.

அவர் திரும்பினார்.

"உங்களுக்குப் பத்தேகாலுக்கே தெரியுமா?"

"பெரிசா ஒண்ணும் இல்லன்னாரும்மா. கூட்டிட்டு வந்து விடறோம்னாரு. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் நீ... அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

அதனால் கதிரவனுக்குத் தேர் பூட்டினார். அதனால் நாலு மாதமாக எழுதிக்கொண்டே இருந்தார். வாய்ப்பந்தலுக்கு இந்த அறைக்கே அர்த்தம் சொன்னவள் அவள். அவள் சொன்னதில் பாதிதான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்வதற்கு மட்டும் அதைப் போடுவதில்லை. உள்ளே என்ன கிடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்துவிடாமல் இருக்கவும் போடுவார்கள்.

அவரை வெறுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கான நேரம் பிறகு வரும், அவசரம் இல்லை. அவள் அவரை விட்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள். நாலு மாதத்தில் முதல் முறையாக அந்த மனிதரை நேராகப் பார்த்தாள். வழக்கப்படி அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

"நீங்க எங்க வீட்டு வாசல்ல நிக்கும்போது அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

வக்கீல் பாதி எழுந்தார். "மேடம், சாட்சி நேரடியா கேள்வி கேக்க முடியாது. இன்னொரு நாள்..."

"உக்காருங்க" என்றார் அதிகாரி. பிறகு தட்டச்சுக்காரரிடம், "அந்தக் கேள்வியைப் போடுங்க."

"எப்படிப் போடறது மேடம்? 'மேற்படி நேரத்தில் இறந்தவருக்குச் சுவாசம்...'"

"அந்தம்மா கேட்ட மாதிரியே போடுங்க. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

தட்டச்சுக்காரர் அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. பின்னால் நாத்தனார் எழுந்து போய் அறைக் கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸில் ஒரு ஆளும் இறங்கக் கூடாது என்று நிற்பது போல.

ஃபோர்மேன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றார் ஃபோர்மேன்.

மேஜையில் தண்ணீர் இருந்தது. யாரும் அதை நகர்த்திக் கொடுக்கவில்லை.